தலைக்கட்டு இல்லாத வீடு

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் தெருவில் ஒரு பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். புருஷன் போனவளுக்கு வாயும் போய்விட்டால் அவளை நாய்கூட மதிக்காது. ஆனால் அந்தத் தை மாதம் பொன்னியம்மன் கோயில் வாசலில் கூட்டம் போட்டபோது நான் வாயைத் திறக்கவே இல்லை. பொம்பளைகள் கூட்டத்தில் உட்காரக் கூடாது, வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொள்ளலாம். அப்படித்தான் நின்று கேட்டேன்.

மானாம்பதிக்குப் பக்கத்தில், ஏரிக்குக் கீழே எங்கள் சேரி. பாதிப் பேர் பொன்னியம்மனைக் கும்பிடுகிறவர்கள், பாதிப் பேர் ஏசுவைக் கும்பிடுகிற வேதக்காரர்கள். சாமிதான் வேறே, வேலை ஒன்றுதான். ஊரார் நிலத்தில் நாற்று நடுவோம், களை பறிப்போம், அறுப்போம், களத்தில் கூலி நெல் வாங்கிக்கொண்டு வருவோம். நயா பைசா வந்த புதிது அது. எங்களுக்குப் பழைய காசே பழக்கமில்லை, நெல்தான் எங்களுக்குக் காசு.

அந்தக் கூட்டம் எதற்கு என்றால், முந்தின மழைக்காலத்தில் எங்கள் தெருவில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி கட்டிலோடு போய்ச் சேர்ந்தாள். காஞ்சிபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தால் தாயும் பிள்ளையும் பிழைத்திருக்கும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் காசு கேட்க மாட்டார்கள். ஆனால் அங்கே போய்ச் சேர வேண்டுமே! உத்திரமேரூரில் ஒரே ஒரு வாடகைக் கார் உண்டு. அதைக் கூப்பிட எங்களில் எவனுக்கு வக்கு இருந்தது? அதற்குத்தான் ஒரு வழி சொல்கிறேன் என்று ஞானதாஸ் கூட்டத்தைக் கூட்டச் சொன்னான்.

ஞானதாஸ் பட்டணத்தில் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தவன். ஆட்குறைப்பில் வேலை போய், பெண்டாட்டியோடு ஊருக்குத் திரும்பி வந்து எங்களோடு மண்வெட்டி பிடித்தவன். வெள்ளைச் சட்டையை மட்டும் விடவில்லை. நல்லவன்தான். எதையும் பட்டணத்தில் பார்த்த மாதிரியே செய்துவிட வேண்டும் அவனுக்கு, அது ஒன்றுதான் குறை. மில்லில் ஒவ்வொருத்தன் கூலியிலும் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்களாம், கேட்காமலே பிடிப்பார்களாம். யாருக்கு உடம்புக்கு வந்தாலும் அதிலிருந்து வைத்தியமாம். எல்லாரும் முதலில் முணுமுணுத்தார்களாம். கர்லாக்கட்டை சுற்றுகிற ஒரு பயில்வான், என் கூலியில் கை வைக்க நீ யார் என்று சண்டைக்கே போனானாம். அடுத்த வருஷமே அவன் ரத்தம் ரத்தமாகத் துப்பினானாம். அந்தக் காசில்தான் மாதக்கணக்கில் படுத்து எழுந்து வந்தானாம்.

அதே மாதிரி இங்கேயும் சம்பா அறுப்பு முடிந்ததும் தலைக்கட்டுக்கு ஒரு மரக்கால் நெல் எடுத்து, விற்று, காசைத் தகரப் பெட்டியில் போட்டு வைப்போம் என்றான். பெட்டி நாட்டாமை வீட்டில், சாவி தன்னிடம். யாருக்கு ஆபத்து என்றாலும் கார் வரும். ஆனால் ஒன்று, எல்லாரும் கொடுத்தாக வேண்டும், இஷ்டமிருந்தால் கொடு என்கிற பேச்சே கூடாது என்றான்.

தலைக்கட்டு என்றால் வேறொன்றுமில்லை. கல்யாணமாகிக் குடித்தனம் பண்ணுகிற ஆம்பளைக்கு ஒரு தலைக்கட்டு. ஆடிக்கூழுக்கும் தீமிதிக்கும் வரி போடும்போது அப்படித்தான் எண்ணுவார்கள். புருஷன் செத்த வீடு கணக்கில் வராது. அவளிடம் வரி வாங்குவது பாவம் என்று பெரியவர்கள் காலத்திலிருந்து வழக்கம். வரி கொடுக்காவிட்டாலும் கூழ் மட்டும் குடம் நிறைய வரும்.

ஞானதாஸ் சொல்லி முடித்ததும் ஆளுக்கொரு பேச்சு. நோய்க்கென்று எடுத்து வைத்தால் நோய் வாசலில் வந்து உட்காரும் என்றது ஒரு கிழம். காசைச் சேர்த்து வைத்தால் கற்பூரம் மாதிரி கரைந்துவிடும் என்றான் இன்னொருத்தன். ஆனால் எழுந்து நின்று மல்லுக் கட்டியது பச்சமுத்துதான். அவன் என் புருஷனுக்குச் சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன் முறை. சொந்தமாக ஒரு கட்டை வண்டியும் இரண்டு கிழட்டு மாடும் வைத்திருந்தான். எங்கள் தெருவில் யாருக்கும் தலை வணங்காதவன் அவன் ஒருத்தன்தான்.

"நம்ம பாட்டன் காலத்துலேர்ந்து களத்துல நெல்லு அள்ளும்போதே அதுக்கு ஒரு படி, இதுக்கு ஒரு படின்னு ஆண்டை புடுங்கிக்கினாரு. இப்பத்தான் அத்த நிறுத்தி வெச்சிக்கீறோம்," என்றான் பச்சமுத்து. "இப்ப நம்ம ஆளே வந்து புடுங்கறியா? எனுக்கு மனசு இருந்தா நான் குடுப்பேன். மனசு இல்லாதவன்கிட்ட புடுங்கறதுக்குப் பேரு தருமமா?"

"இது தருமம் இல்லண்ணா," என்றான் ஞானதாஸ். "தருமம்னா இருக்கறவன் இல்லாதவனுக்குப் போடறது. இது நமக்கு நாமே போட்டுக்கறது. ஒடம்பு நல்லா கீறவன் குடுக்கலன்னா, சீக்காளி மட்டும் குடுப்பான். பொட்டி பங்குனிக்குள்ள காலியாயிடும்."

அவன் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. பச்சமுத்து சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. களத்தில் பிடுங்கியதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த நெல்லுக்காக என் அப்பன் கெஞ்சியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். 

கடைசியில் நாட்டாமை வேதகிரி தீர்ப்புச் சொன்னார். அவர் எனக்கு மாமன் முறை, எறும்பை மிதிக்கவும் யோசிக்கிற மனுஷர். எல்லாரும் கொடுக்க வேண்டியது, கொடுக்காதவனுக்குப் பெட்டி திறக்காது என்றார். பச்சமுத்து விடவில்லை. நாளைக்கு நாட்டாமைக்கு வேண்டியவன், ஞானதாசுக்கு வேண்டியவன் என்று வந்து நின்றால் கொடுக்காதவனுக்கும் திறப்பீர்கள், இளிச்சவாயன் நான்தானா என்று கேட்டான். அப்படித் திறக்க மாட்டோம் என்று சத்தியம் பண்ணச் சொன்னான். தலைக்கட்டுக்காரர்கள் அத்தனை பேரும் வரிசையாக வந்து அம்மன் எதிரே எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்தார்கள். ஞானதாசும் வேதக்காரர்களும் வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்தார்கள். அந்தச் சத்தியத்தைத் திருப்பி எடுக்க வேண்டுமென்றால் அதே அத்தனை பேரும் அதே இடத்தில் கூடி நின்றுதான் எடுக்க வேண்டும். ஒருத்தன் குறைந்தாலும் ஆகாது. தெருக்கோடி வீட்டு முனியன் மட்டும் சத்தியமும் பண்ணவில்லை, நெல்லும் தர மாட்டேன் என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனான்.

மறுநாள் கோயில் வாசலில் நெல் அளந்தார்கள். நானும் ஒரு மரக்கால் நெல்லை முறத்தில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனேன். வேதகிரி மாமா என்னைப் பார்த்துப் பதறிப்போய் எழுந்துவிட்டார்.

"இன்னாம்மா சிட்டம்மா இது? ஆம்பள இல்லாத வூட்ல கை நீட்டற அளவுக்கா இந்த ஊரு கெட்டுப்போச்சு? எடுத்துக்கினு போ. உன்னையும் உன் பொண்ணையும் ஊரு பாத்துக்கும்."

ஊர் பார்த்துக்கொள்ளும் என்று அவர் சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேண்டாம் மாமா, எடுத்துக்குங்க என்று இன்னொரு தரம் சொன்னேன். ஞானதாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பக்கத்தில் இருந்தவர்கள், தாலியறுத்தவளிடம் வாங்கிய நெல் உருப்படுமா என்று அவன் வாயை அடைத்துவிட்டார்கள். எனக்கு முன்னால் முறத்தோடு வந்த, என்னைப் போலப் புருஷன் இல்லாத பக்கத்து வீட்டுச் சொக்கம்மாளையும் அப்படியே திருப்பி அனுப்பியிருந்தார்கள். இரண்டு பேரும் ஏதோ மரியாதை கிடைத்த மாதிரி நெல்லைச் சுமந்துகொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

என் மகள் செல்லாயி அதைக் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பு! "உன்ன ஊரு பாத்துக்குமா? நல்லா பாத்துக்கும். உனுக்குக் காய்ச்சல் வந்தா நாட்டாம வந்து கஞ்சி வெச்சி ஊத்துவாரு, நீ எந்திரிச்சி உக்காந்து குடிமா," என்று என் மோவாயைப் பிடித்து ஆட்டினாள். அவளுக்கு எல்லாமே கேலிதான். நாற்று நடும்போது அவள் பேசுகிற பேச்சில் இடுப்பு வலியே தெரியாது என்பார்கள் பொம்பளைகள். என்னை மாதிரி வாய், அவள் அப்பனை மாதிரி மனசு. ஆவணியில் திருப்புட்குழியில் ஒரு பையனுக்குக் கொடுக்கிறதாகப் பேச்சு முடிந்திருந்தது. பையன் வந்து பார்த்துவிட்டுப் போன அன்று, அவன் காது இரண்டும் முறமாட்டம் இருக்கிறது, காற்றடித்தால் பறந்துவிடுவான் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆனால் அன்று சாயங்காலமே அவன் பேர் என்ன என்று என்னிடம் இரண்டாம் தரம் கேட்டாள். எனக்கு இருந்தது அவள் ஒருத்தி. அவளை ஒரு இடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டால் போதும், அப்புறம் எனக்குச் சாவு வந்தாலும் வாசற்படியில் உட்கார வைத்துப் பேசுவேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மாசியில் முனியன் பனைமரத்திலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். அவன் தம்பி முத்துவேல் ஓடி வந்து பெட்டியைத் திறக்கச் சொன்னான். நெல் கொடுக்காதவனுக்குப் பெட்டி திறக்காது என்று வேதகிரி மாமா கைகூப்பிச் சொல்லி அனுப்பினார். புத்தூர்க் கட்டு போட்டுவிடுகிறவன் ஒருவனிடம் கட்டிக்கொண்டு முனியன் வீட்டோடு கிடந்தான், கால் கோணலாகத்தான் கூடியது. தெருவில் அதற்காக யாரும் பரிதாபப்படவில்லை. திமிர் பிடித்தவனுக்கு நல்லா வேணும் என்றுகூடப் பேசினார்கள். அடுத்து வந்த பங்குனியில் ஒரு வேதக்காரக் கிழவனுக்கு மூச்சு முட்டியபோது கார் வந்தது, கிழவன் பிழைத்து வந்து உட்கார்ந்து சுருட்டுக் குடித்தான். ஞானதாசைத் தெருவே தலைமேல் வைத்துக்கொண்டு ஆடியது.

வைகாசியில் ஊர்க்காரர் பஞ்சாட்சரம் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தோம். செல்லாயி திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெயிலில் பச்சைக் கடலையைத் தின்றால் வலிக்காமல் என்ன செய்யும் என்று நான்தான் திட்டினேன். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தேன், ஓமத்தண்ணி கொடுத்தேன். மறுநாள் காலை வலி வலது பக்கமாக இறங்கி, காலை நீட்ட முடியாமல் சுருண்டு கிடந்தாள். உடம்பு அடுப்பாகக் கொதித்தது. மானாம்பதியில் இருந்த கம்பவுண்டர் வந்து வயிற்றைத் தொட்டதும் அவள் போட்ட கத்தலில் அவரே கையை எடுத்துவிட்டார். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ, அறுத்துத்தான் ஆக வேண்டும், தாமதம் பண்ணினால் உள்ளே உடைந்துவிடும் என்றார்.

நான் நேரே வேதகிரி மாமா வீட்டுக்கு ஓடினேன். பெட்டி எனக்கும் உண்டு என்றுதான் ஓடினேன். ஊர் பார்த்துக்கொள்ளும் என்று சொன்னவர் அவர்தானே! என்னைப் பார்த்ததும் அவரும் எழுந்து துண்டைத் தோளில் போட்டார், ஞானதாசைக் கூப்பிட ஆள் அனுப்பினார். அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதற்குள் முத்துவேல் வந்து வாசலில் நின்றான்.

அவன் கோபமாகக்கூடப் பேசவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. சிட்டம்மாக்கா பொண்ணு பிழைக்கட்டும், ஆனால் என் அண்ணன் காலை ஒடித்துக்கொண்டு கிடந்தபோது சத்தியம் சத்தியம் என்றீர்களே, இந்த வீட்டு நெல்லும் பெட்டியில் விழவில்லையே, இப்போது சத்தியம் எங்கே போயிற்று என்று கேட்டான். வேதகிரி மாமா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவன் கொடுக்க மாட்டேன் என்றவன், நான் கொடுக்கிறேன் என்று வந்தவள், இரண்டும் ஒன்றா என்று நான் கத்தினேன். ஒன்றில்லைதான் என்றார் மாமா. ஆனால் கற்பூரம் அணைக்கும்போது கொடுத்தவன், கொடுக்காதவன் என்று இரண்டைத்தான் சொன்னோம், நாமே வாங்காமல் விட்டவர்கள் என்று மூன்றாவதாக ஒன்று இருப்பது யாருக்கும் தோன்றவில்லையே என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஞானதாஸ் ஓடி வந்தான். அவன் என் பக்கம்தான் பேசினான். அவர்கள் கொண்டு வந்தும் நாம்தான் வாங்கவில்லை, பிழை நம்முடையது, பெட்டியைத் திறப்போம் என்று மன்றாடினான். ஆனால் அவனும் பயந்தான். சாவி வைத்திருக்கிறவன் சத்தியத்தை மீறிக் காசெடுத்தான் என்று நாளைக்கு ஒரு சொல் கிளம்பினால் ஊர் வாயை எந்த உலைமூடி போட்டு மூடுவது? சத்தியத்தை முறைப்படி திருப்பி எடுத்துவிட்டுத் திறப்போம் என்றார் மாமா. அதற்கு அத்தனை தலைக்கட்டும் வர வேண்டும். அறுப்பு முடிந்த கோடைகாலம் அது, பாதி ஆம்பளைகள் பாலாற்றங்கரைச் செங்கல் சூளைகளுக்குப் போயிருந்தார்கள். ஆள் அனுப்பியிருக்கிறேன், பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவார்கள், அம்மன் மேல் பாரத்தைப் போடு என்றார். நான் அம்மன் மேல் என்னத்தைப் போடுவது? வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தேன்.

வீட்டு வாசலில் பச்சமுத்து வண்டியைப் பூட்டிக்கொண்டு நின்றான். வைக்கோல் பரப்பி, மேலே அவன் வீட்டுப் பாயைப் போட்டிருந்தான்.

"ஏத்து அண்ணி," என்றான். "அவுங்க பேசி முடிக்கிறதுக்குள்ள நாம ஆத்தத் தாண்டிடலாம்."

கற்பூரச் சத்தியம் கேட்டவனே அவன்தான். அதை அவனிடம் சொல்லிக்காட்ட எனக்கு வாய் வந்தது, ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. செல்லாயியைத் தூக்கிப் படுக்க வைத்து, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். மாடுகள் இரண்டும் கிழடு. வைகாசி வெயிலில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தன. பச்சமுத்து அவற்றை அடித்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு அடித்தான், அடித்துக்கொண்டே அழுதான். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி தூக்கிப் போடும்போது என் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

ஆற்று மணலில் சக்கரம் புதைந்துவிட்டது. பச்சமுத்து இறங்கி ஆரக்காலைப் பிடித்துத் தள்ளினான். சுற்றிலும் தண்ணீர் இல்லை, நிழல் இல்லை. செல்லாயி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"கார்ல போயிருந்தா இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கலாம், இல்லமா?"

"ஆமாண்டி கண்ணு."

"நாம நெல்லு குடுக்கலியா?"

"குடுத்தேன்டி. வாங்கல."

"உன் வாய் எங்கமா போச்சு அன்னிக்கி?" என்றாள். கேலியாகத்தான் கேட்டாள், அந்த வலியிலும் உதடு கொஞ்சம் சிரித்தது. அவள் என்னிடம் கேலியாகப் பேசியது அதுதான் கடைசி.

ஆற்றைத் தாண்டிப் பெருநகர்ப் பக்கம் ஏறும்போது பின்னால் கார் சத்தம் கேட்டது. ஞானதாஸ் வந்துவிட்டான். தலைக்கட்டுகள் கூடும்வரைக்கும் அவனால் பொறுக்க முடியவில்லை. வேதகிரி மாமா வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடித்தபோதும் பெட்டியைத் திறந்து எடுத்துக்கொண்டு, உத்திரமேரூருக்கு மிதிவண்டியில் போய், ஆற்று மணலுக்குப் பயந்து சுற்றுப் பாதையில் காரைக் கூட்டி வந்திருந்தான். வெள்ளைச் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டிக்கிடந்தது. மூன்று பேருமாகச் செல்லாயியைத் தூக்கிக் காரில் போட்டோம். அப்போது அவளுக்கு வலி நின்றுபோயிருந்தது. வலி நின்றுவிட்டது, தெய்வம் கண் திறந்துவிட்டது என்று நான் பச்சமுத்துவிடம் சொன்னேன். வலி அப்படித் திடீரென்று நிற்பதுதான் கெட்டது என்று எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஆஸ்பத்திரியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. போனதும் உள்ளே கொண்டு போனார்கள், அறுத்தார்கள், ராத்திரியெல்லாம் பார்த்தார்கள். உள்ளே உடைந்து சீழ் பரவிவிட்டது என்றார் டாக்டர். காலையிலேயே வந்திருந்தால் என்று ஏதோ ஆரம்பித்தவர், என்னைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார். நல்ல மனுஷர். மறுநாள் உச்சிப் பொழுதுக்கு முன்னால் என் செல்லாயி போய்விட்டாள். திருப்புட்குழிக்கு யாரோ சொல்லி அந்தப் பையன் வந்திருந்தான். அவனுக்கு அழக்கூட உரிமை இல்லை, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிணத்தைக் கார்க்காரன் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டான். பச்சமுத்துதான் பின்னாலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தான், அதே வைக்கோல் மேல் படுக்க வைத்து அதே மணலில் திரும்பி வந்தோம்.

அதற்கப்புறம் தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் திட்டினேன். வேதகிரி மாமா வந்து என் காலில் விழப் போனார், அவரையும் திட்டினேன். ஞானதாஸ் சாவியை நாட்டாமையிடம் கொடுத்துவிட்டு இனி எனக்கு வேண்டாம் என்றானாம். அவனையும் திட்டினேன், சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொன்னேன். சத்தியத்தை மீறினதற்காக அவன் மேல் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை, முத்துவேலும்தான். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றியபோது வழக்கம்போல என் வீட்டுக்கு ஒரு குடம் கூழ் வந்தது. வரி வாங்காமல் ஊற்றுகிற கூழ். கொண்டு வந்தவர்கள் முன்னாலேயே அதைத் தெரு நாய்க்கு ஊற்றினேன். அம்மன் என்னை என்ன செய்துவிடுவாள், இனிமேல் செய்ய என்ன இருக்கிறது?

யார் சொன்னது சரி என்று நான் யோசிக்காத நாள் இல்லை. மனசு வந்து கொடுப்பதுதான் தருமம் என்றவன் மனசு வந்து வண்டி பூட்டினான், ஆனால் அவனிடம் இருந்தது இரண்டு கிழட்டு மாடு. எல்லாரும் கொடுத்தே ஆக வேண்டும் என்றவனிடம் கார் கொண்டு வரக் காசு இருந்தது, ஆனால் அவனுடைய எல்லாரில் நான் இல்லை. கட்டாயம் என்றால் கட்டாயம் என்று என்னிடமும் பிடுங்கியிருக்க வேண்டும். இரக்கப்பட்டு விட்டுவிட்டார்கள். அந்த இரக்கத்தை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த தையில் மறுபடியும் கூட்டம் கூடியது. நான் போகவில்லை. சொக்கம்மாள் வந்து சொன்னாள். இனிமேல் தலைக்கட்டுக் கணக்கு கிடையாதாம், அடுப்பு எரிகிற வீடெல்லாம் கொடுக்க வேண்டுமாம், ஆம்பளை இருந்தாலும் இல்லாவிட்டாலும். பொம்பளை வீட்டுக்கு அரை மரக்கால் போதுமாம். முனியன்கூட நொண்டிக்கொண்டே வந்து தருகிறேன் என்றானாம். செல்லாயி பேர் சொல்லித்தான் சட்டத்தை மாற்றினார்கள் என்று சொக்கம்மாள் சொன்னாள். ஆறுதலாகத்தான் சொன்னாள் பாவம். அவளை நான் திட்டவில்லை.

மறுநாள் ஞானதாசும் வேதகிரி மாமாவும் பச்சமுத்துவும் வீடு வீடாக மரக்காலோடு வந்தார்கள். நான் உள்ளே உட்கார்ந்து தெருவில் அளக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சொக்கம்மாள் வீட்டில் அளந்தார்கள். அடுத்தது என் வீடு. காலடிச் சத்தம் என் வாசலில் வந்து கொஞ்சம் நின்றது. அப்புறம் மெதுவாக, நான் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி, என் வீட்டைத் தாண்டிப் போனது.

குதிரில் கை விட்டு நெல்லை மடியில் வாரிக்கொண்டு தெருவில் ஓடினேன்.

"இன்னா நைனா, இந்த வூட்டுல அடுப்பு எரியலியா? நான் பொணமா?"

மூன்று பேரும் திரும்பினார்கள். வேதகிரி மாமா வாய் குழறினார். "உங்கிட்ட வந்து எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கேக்கறது சிட்டம்மா? உன் வூட்ட உட்டுடலாம்னு நாங்கதான்..."

"மறுபடியும் உடாதீங்க," என்றேன். "ஒரு தரம் உட்டுட்டுத்தான் நான் இப்பிடி நிக்கறேன். கேக்காதீங்க, புடுங்குங்க. அன்னிக்கே என் மயிரப் புடிச்சி இய்த்துப் போட்டு அந்த நெல்லப் புடுங்கியிருக்கக் கூடாதா?"

ஞானதாஸ் மரக்காலைத் தரையில் வைத்தான். நான் மடியை அவிழ்த்துக் கொட்டினேன். அரை மரக்கால் போதும் அக்கா என்று அவன் சொல்லச் சொல்ல, தலை தட்டாமல் குவியலாக முழுசும் கொட்டினேன். பச்சமுத்து சாக்கைப் பிரித்துப் பிடித்தான், நெல் அதற்குள் விழுந்தது. அவன் தலையை நிமிர்த்தவே இல்லை.

இனிமேல் எனக்கு ஒன்று என்றால் உத்திரமேரூரிலிருந்து கார் வரும், வீட்டு வாசலுக்கே வரும் என்று ஞானதாஸ் சொல்லிவிட்டுப் போனான். வரட்டும். அதில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வரத்தான் ஆளில்லை.